பழைய டோன்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பழைய சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் யாரும் தங்களைச் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஊர் ஊராகக் கச்சேரிக்குத் தூக்கிப்போன கீபோர்டு, புதுசு வந்த பிறகும் கொடுக்க மனசில்லாமல் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். பழைய போர்வையை விலக்கி, ஒரு கட்டையை அழுத்தி, அது ஓயும்வரை விரலை எடுக்காமல் வைத்திருந்து, “இந்த டோன் இப்ப வர்ற எதுலயும் கிடையாது தம்பி” என்பார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று மேடை போடாத தெரு இல்லாத காலம் ஒன்று இருந்தது. கூட்டம் பாடகரைப் பார்க்க முண்டியடிக்கும். நான் மேடையின் ஓரமாக, கீபோர்டுக்காரரின் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பேன். சினிமாப் பாட்டில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்த அத்தனை பேருக்கும், புல்லாங்குழலுக்கும், கிளாரினெட்டுக்கும், சில நேரம் கோரஸ் பெண்களுக்கும் சேர்த்து அந்த ஒருவர்தான் பொறுப்பு. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் நாலு டோன் மாற்ற வேண்டும். வலது கை மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை அடுத்த பட்டனுக்குப் போய்விடும். நேயர் விருப்பச் சீட்டுகள் மேடைக்கு வரும். சிவகாசியில் அது பெரும்பாலும் அச்சகத்தில் வெட்டிக் கழித்த லேபிள் தாளின் பின்பக்கம். அதில் என்ன பாட்டு எழுதி வந்தாலும், முன்னிசையின் முதல் இரண்டு நொடியில் கூட்டம் அதைக் கண்டுபிடித்து விசிலடிக்க வேண்டும். பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே அந்த விசிலை வாங்கித் தருவது கீபோர்டின் டோன்தான்.

அந்த டோன்களில் பல, யமஹா டிஎக்ஸ்7 என்ற கருவியோடு வந்தவை. 1983-இல் வெளியானது, 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள். அதற்கு முன்பிருந்த மூக் போன்ற சிந்தசைசர்கள் தடித்த ஒரு மின் அலையை எடுத்து, வேண்டாத பகுதியை வடிகட்டிக் கழித்து நாதம் செய்தவை. டிஎக்ஸ்7-இன் வழி வேறு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967-இல் கண்டுபிடித்ததை வைத்து அது செய்யப்பட்டது. ஸ்வரத்தை மேலும் கீழும் அசைக்கும் வைப்ரேட்டோவை அவர் கணினியில் சோதித்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஓர் எல்லைக்கு மேல் காதுக்கு அசைவு தெரியவில்லை. புதிதாய் ஒரு நாதம் பிறந்தது. மெல்ல அசைத்தால் கமகம். அதே அசைவை நொடிக்கு நூற்றுக்கணக்கில் பெருக்கினால் மணியோசை, வெண்கலம், மின்பியானோ. இதை முதன்முதல் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. கமகம் வராது என்று கட்டைக் கருவிகளை நம்மவர்கள் ஒதுக்கிய கதை பழையது. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்கே தடை போட்டது; அது தளர முப்பது வருஷம் ஆயிற்று. அந்தக் கட்டை வரிசைக்குக் கீழே, அசைவையே மூலப்பொருளாக்கி நாதம் செய்யும் கருவி ஒன்று வந்து சேர்ந்ததைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கும். பெண்டர் என்பார்கள். ஸ்வரத்தை இழுக்கவும் வழுக்கவும் அதுதான் வழி. கே. சத்யநாராயணன் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்து காட்டியவர். நம் மேடைக்காரர்கள் இந்தப் பெண்டர் வித்தையை வாத்தியார் வைத்துக் கற்றவர்கள் இல்லை. கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்ட காதோடு வந்து, பெண்டரில் கட்டைவிரலை வைத்துத் தாங்களே தேடிக் கண்டுகொண்டார்கள். அம்மன் பாட்டுக்கு நடுவே ஒருவர் பெண்டரில் நாகஸ்வரம் இழுத்ததைக் கேட்டு, பக்கத்தில் இருந்த தவில்காரர் தலையை ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கலைஞனுக்கு அதைவிட வேறு என்ன பாராட்டு வேண்டும்?

சென்னை ஸ்டூடியோக்களில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. இளையராஜாவின் குழுவில் விஜி மானுவல் கீபோர்டு வாசித்தார், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆன திலீப்பும் வாசித்தார். 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’, கணினி சீக்குவென்ஸர் வைத்து இசை செய்த ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் ஒன்று. ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. கருவி சோறு போடும் என்பது இங்குள்ளவர்களும் அறிந்ததுதான். கல்யாணத்துக்குப் போட்ட நகையை அடகு வைத்துக் கீபோர்டு வாங்கிய வீடுகள் இந்த மாவட்டத்தில் உண்டு.

எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர், சிவகாசிக்காரர், அந்தக் காலத்தில் டிஎக்ஸ்7-இல் டோன் செய்வதில் கெட்டிக்காரர். கம்பெனி கொடுத்த டோனை அப்படியே வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. திருவிழாப் பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் வெடிச்சத்தம் வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். வெடிக்குச் சுருதி கிடையாது; எல்லா அலைகளும் கலந்த இரைச்சல் அது. மற்ற சிந்தசைசர்களில் இரைச்சலுக்கென்றே ஒரு பகுதி இருக்கும், டிஎக்ஸ்7-இல் இல்லை. அதற்குள் ஆபரேட்டர் என்று ஆறு அலைகள் உண்டு, அவற்றைக் கோக்க 32 வகை அமைப்புகள். ஓர் அலையின் வெளியீட்டைத் திருப்பி அதற்குள்ளேயே விட்டு, அளவை முழுதாக ஏற்றினால் நாதம் சிதறி இரைச்சலை நோக்கிப் போகும். அண்ணாச்சி அங்கிருந்து தொடங்கினார். சத்தம் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று எண்களை மாற்றி மாற்றி, லட்சுமி வெடிக்கு ஒன்று, அணுகுண்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்தார். லட்சுமி வெடி சுருக்கென்று முடிய வேண்டும். அணுகுண்டுக்கு அடியில் ஒரு கனமும், பின்னால் நீளும் உறுமலும் வேண்டும்.

கேட்கப்போவது யார் என்று நினைத்துப் பாருங்கள். வெடி உருட்டி, திரி வைத்து, மருந்து அடைத்துப் பிழைக்கிற சனங்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சட்டமே அளவு வைத்திருக்கும் சத்தத்தோடு வாழ்கிறவர்கள். எந்த ரகம், மருந்து காய்ந்ததா ஈரமா என்றுகூடக் காதால் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் முன்னால் பொய்வெடி போட நெஞ்சுரம் வேண்டும். முதல் வெடிக்குக் கூட்டம் திரும்பிப் பார்த்ததாம், இரண்டாவதுக்குச் சிரித்ததாம், அப்புறம் அந்தப் பாட்டு ஒன்ஸ்மோர் வாங்காமல் கச்சேரி முடிந்ததே இல்லையாம். “நம்ம ஊர்க்காரன் ஒத்துக்கிட்டா அதுதான்டா ஐஎஸ்ஐ முத்திரை” என்று அவர் இப்போதும் பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பெருமை நியாயமானது.

இந்த வட்டாரத்துக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. மழை குறைவு, ஈரம் குறைவு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியதும், அதைத் தொடர்ந்து பட்டாசு வளர்ந்ததும் இந்த வறட்சியை நம்பித்தான். அதே வறட்சி பழைய மின்கருவிகளுக்கும் அனுகூலம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு உலோகத் தொடுமுனைகள் பச்சை பூத்துப்போகும். இங்கே அது அபூர்வம். ஆனால் கரிசல் புழுதி இருக்கிறதே, அது கட்டைகளுக்கு நடுவே இறங்கி, ஒவ்வொரு தொடுமுனையிலும் படிந்து, ஸ்வரத்தை விட்டுவிட்டு ஒலிக்க வைக்கும். டிவி, ரேடியோ பழுது பார்த்து வளர்ந்த மெக்கானிக்குகள் அதைக் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டுகிறார்கள். ஜப்பானுக்கென்று செய்த பெட்டிகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. சிங்கப்பூரிலிருந்தும் பர்மா பஜாரிலிருந்தும் வந்தவற்றில் அவையும் கலந்திருந்தன. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 230-இல் சொருகி, முதல் நாளே புகை பார்த்த கதைகள் நிறைய.

உலகத்தில் இந்தக் கருவிகளைத் தேடிச் சேர்க்கும் கூட்டம் பெரிது. ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 சிந்தசைசர் விற்காமல் 1984-இல் உற்பத்தி நின்றது. பிறகு அதையே தேடி அலைந்தார்கள். பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதையும் அதே கம்பெனியின் டிஆர்-808 தாளக்கருவி, ஜுபிடர்-8 சிந்தசைசர் ஆகியவற்றையும் வைத்து 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். இங்கே கவனிப்பாரில்லை. 2010-இல் ஒரு டச்சு ஆர்வலர் அதை மறுவெளியீடு செய்த பிறகே உலகம் வியந்தது. முதுமையில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்துவிட்டு, 2015-இல் அவர் காலமானார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசர் நிறுவினார். அதில் நம்மவர்கள் செய்த இசை நாடாக்களும் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வந்தன. இரண்டு இடத்திலும் ஏதோ ஒரு பதிவு மிஞ்சியது. நம் மேடைக்காரர்கள் செய்த டோன்களுக்கு அதுவும் இல்லை. அவை கருவிக்குள் மட்டுமே இருக்கின்றன.

எனக்குக் கவலை இதுதான். டிஎக்ஸ்7 தன் 32 டோன்களையும் உள்ளே இருக்கும் ஒரு சிறு வட்ட பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருக்கிறது. பேட்டரி செத்தால் கருவி பிழைக்கும், டோன்கள் பிழைக்காது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் கீறல் இல்லாத பெட்டிக்கு விலை கொடுக்கிறார்கள். பெட்டி உலகமெங்கும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது, இன்னும் கிடைக்கும். சிவகாசி அணுகுண்டு டோன் வேறு எங்கு கிடைக்கும்? மிடி வயரில் கணினிக்கு அனுப்பினால் 32 டோன்களும் சேர்ந்து 4,104 பைட். ஒரு பாட்டுப் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் இதைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும். அண்ணாச்சியின் டோன்களை அவர் பேரனும் நானும் சேர்ந்து அப்படி எடுத்து வைத்தோம். இலவச மென்பொருளில் ஏற்றி வாசித்தபோது, “அட, அடங்குற இடம் சரியா இருக்கே” என்றார் அண்ணாச்சி. பேரன் இப்போது ஒவ்வொரு டோனுக்கும் எந்தப் பாட்டு, எந்த வருஷத் திருவிழா என்று தாத்தாவிடம் கேட்டு நோட்டில் எழுதுகிறான்.

சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ திருத்தங்கலிலோ உங்கள் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். புழுதியைத் தூரிகையால் தட்டிவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். பேட்டரியில் கை வைப்பதற்கு முன்னால் டோன்களைக் கணினிக்கு மாற்றுங்கள். அதை வாசித்தவர் உயிரோடு இருந்தால், அவரையும் கூட்டி வந்து உட்கார வைத்து, எந்த டோன் எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.