கவர்னர்

ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்றால் அது ஓடாமல் நின்றுவிட்டது என்றே பொதுவாகப் பொருள் கொள்கிறோம். ஓடாத எந்திரம் நம்மை இருட்டில் விட்டுவிடும், அவ்வளவுதான். அளவு மீறி ஓடும் எந்திரமே அஞ்சத்தக்கது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவார் பணம் சேர்த்துச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். காலையில் தொட்டிக்குத் தண்ணீர், பகலில் கைபேசிகளுக்கு மின்னேற்றம், இரவில் மூச்சிரைப்பால் அவதியுறும் பெரியவர் ஒருவருக்கு நெபுலைசர் என்று முறை வகுத்திருந்தோம். ஐந்தாம் நாள், பம்பை நிறுத்திய மறுகணம் எந்திரம் அலறியது. எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு வெள்ளையாகப் பளீரிட்டு அணைந்தது. மற்றவற்றைப் பிடுங்கிவிட்டு எந்திரத்தை நிறுத்தினோம்.

இவ்வகை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும். சுமையில்லாதபோது 52 வரை ஏறுவது இயல்பு. வேகம் எல்லை மீறினால் ஹெர்ட்ஸ் ஏறும். மின்னழுத்தச் சீராக்கி இல்லாத எந்திரங்களில் வோல்டேஜும் சேர்ந்து ஏறும். அப்படி நேராமல் காப்பது கவர்னர். உள்ளே சுழலும் சிறு எடைகள் வேகம் கூடக்கூட விரிந்து, ஒரு தண்டையும் அதில் பொருத்திய கையையும் அசைத்து, கார்புரேட்டரின் த்ராட்டிலை மூடப் பார்க்கும். வெளியே இருக்கும் ஸ்பிரிங் அதைத் திறக்கப் பார்க்கும். இந்த ஓயாத இழுபறியைத்தான் நாம் நிதானம் என்கிறோம். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் பொருத்திய கவர்னரிலும் வேலை செய்தது சுழலும் எடைதான்.

வேக ஸ்குரூவைக் குறைத்தால் போதாதா என்று மெக்கானிக்கிடம் கேட்டோம்.

"ஸ்குரூவத் தொட வேணாம்ண்ணே. மொதல்ல கை தண்டோட சேந்து வருதான்னு பாப்போம்," என்றார்.

சேர்ந்து வரவில்லை. இறுக்கும் நட்டு தளர்ந்து, கை தண்டின் மேல் நழுவிக்கொண்டிருந்தது. எடைகளின் சொல் த்ராட்டிலை எட்டவே இல்லை. ஸ்பிரிங் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பம்பின் சுமை இருந்தவரை குறை வெளிப்படவில்லை. சுமை இறங்கியதும் தடுக்க ஆளில்லை.

அவர் த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, தண்டை அதே திசையில் முட்டும்வரை திருப்பி, நட்டை இறுக்கினார். எதையும் செருகாமல் ஓட்டி, மீட்டர் 52 காட்டிய பின்னரே, "இப்ப அய்யாவோட மெஷினப் போடுங்க," என்றார்.

வேகத்தைக் குறைப்பதும் வேகத்தை ஆள்வதும் ஒன்றல்ல என்பதை அன்று கண்டோம். ஸ்குரூவைத் திருகியிருந்தால் சத்தம் சற்று அடங்கியிருக்கலாம். அடுத்த முறை சுமை இறங்கும்போது, பல்பு இருந்த இடத்தில் நெபுலைசர் இருந்திருக்கும்.