சுவரை மூடுமுன்



டொரன்டோவில் குடியிருக்கும் நம்மில் பலருடைய வீட்டில் பேஸ்மென்ட் ஓர் ஒளிப்பிடம். விருந்தினர் கண்ணில் படக்கூடாதவை யாவும் படியிறங்கிக் கீழே போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படியே. அதைச் சீரமைத்து, கிறிஸ்மசுக்குமுன் ஒரு படுக்கையறை கட்டிவிட வேண்டும் என்று நானும் என் மனைவியும் திட்டமிட்டோம். அந்த அறை யாருக்கு என்பதைப் பின்பு சொல்லுகிறேன்.

நம் சபையில் கட்டட வேலை செய்யும் சகோதரர் ஒருவர் பார்வையிட வந்தார். தரையின் நிறம், விளக்குகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகளை நகர்த்தச் சொன்னார். அவற்றின் பின்னே கான்கிரீட் சுவர் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

"பாஸ்டர், இதன்மேல் பலகை அடித்து வண்ணம் பூசினால் கிறிஸ்மசுக்கு அழகாக இருக்கும். கோடையில் பூஞ்சை நாற்றம் வரும்," என்றார்.

ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் நாடாவால் அடைத்துவிட்டுப் போனார். தாளின் வெளிப்புறம் துளிகள் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் படிந்தால் மண்ணின் நீர் சுவருக்குள் வருகிறது என்று பொருள். இரண்டு நாட்களுக்குப்பின் சுவர்ப்பக்கமே நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தோம். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மண்ணும் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது.

என் பட்டியல் தலைகீழாயிற்று. முதலில் குழாயை ஆறடி அப்பால் நீட்டுதல். பின் நீர் வெளியே ஓடும்படி மண்ணை மேடாக்குதல். அடுத்த மழைகளில் சுவரைக் கவனித்தல். ரேடான் வாயுவைக் குறைந்தது மூன்று மாதம் அளக்க வேண்டும். கனடா சுகாதாரத் துறையின் வழிகாட்டு அளவு கனமீட்டருக்கு 200 பெக்கரல். நகரசபையின் அனுமதி தேவையா என்று கேட்டறிய வேண்டும். தீ நேர்ந்தால் ஆள் வெளியேறத்தக்க சன்னல் வேண்டும். வண்ணம் கடைசியில்.

அன்றிரவு லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கூடாரங்களில் குடியிருந்த ஜனத்துக்கு, அவர்கள் இன்னும் கட்டாத, குடியேறாத வீடுகளின் சுவரைக் குறித்துத் தேவன் கட்டளை கொடுக்கிறார். சுவரில் தோஷம் கண்டால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் அறிவிக்க வேண்டும். வீட்டை ஒழித்துவைத்தபின் ஆசாரியன் உள்ளே போய்ப் பார்ப்பான். ஏழு நாள் அடைத்துவைப்பான். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்சுவரைச் சுரண்டிய பின்னரே புதுச் சாந்து. பூச்சுக்குமுன் பரிசோதனை, இதுவே ஒழுங்கு. ஆனால் என் வீட்டில் ஆசாரியனின் சுவரையே ஒரு விசுவாசி பரிசோதித்தார்!

பிரியமானவர்களே, அந்த அறை எங்கள் மகனுக்காக. அவன் அனுமதியோடு இதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்குமுன், அவன் தெரிந்துகொண்ட படிப்பைக் குறித்து நான் பேசிய கடுஞ்சொற்களால் அவன் வீட்டைவிட்டுப் போனான். "உனக்குத் தனி அறை கட்டியிருக்கிறேன், வந்துவிடு" என்று சொல்ல எண்ணியிருந்தேன். "நான் தவறு செய்தேன்" என்று சொல்ல எண்ணவில்லை. உப்புப் பூத்த சுவர்மேல் பலகை அடிக்கப் பார்த்த தகப்பன் நான்.

மறுநாள் காலையில் அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். அறையைப்பற்றிப் பேசாமல் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் மௌனமாயிருந்தான். பின்பு, "அப்பா, எனக்குக் கொஞ்சம் காலம் வேண்டும்," என்றான். சுவர் உலரவும் காலம் வேண்டுமல்லவா? காத்திருக்கிறோம். கிறிஸ்மசுக்குள் அறை முடியாது.

உங்கள் வீட்டில் எந்தச் சுவரின்முன் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்? பரிசு கொடுத்து, விருந்து வைத்து, ஏன், ஊழியஞ்செய்தும்கூட நாம் மூடப் பார்ப்பது எது? இந்த வாரம் ஒரு பெட்டியையாவது நகர்த்துங்கள். ஒளிப்பிடங்களை அறிந்தும் நம்மைவிட்டு விலகாத ஆண்டவர் உங்களோடு படியிறங்கி வருவாராக. ஆமென்.