கரிக்கோடும் கறுப்புக் கோடும்

எல்ல நகருக்கு வருவோர் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு வியப்பர். இராவணா நீர்வீழ்ச்சியின் முன்னே நின்று படம் பிடிப்பர். ஊர் திரும்புங்கால் கடைவீதியிலே மிளகும் கறுவாவும் தேயிலையும் வாங்கிச் செல்வர். அப்பொதிகளின் முதுகில் ஒட்டியுள்ள சிறு காகிதத்தை மட்டும் எவரும் உற்று நோக்குவதில்லை. கறுப்புக் கோடுகள் சில. அவற்றின் கீழே பதின்மூன்று இலக்கங்கள். 'பார்கோட்' என்று உலகம் அழைக்கும் இக்கோடுகள் நமக்கு அண்மையில் ஒரு பாடம் கற்பித்தன. வெட்கத்தோடு கற்ற பாடமே எனினும், வாசகர்களோடு, சிறப்பாக மாணவச் செல்வங்களோடு, அதனைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆசிரியத் தொழிலினின்று ஓய்வு பெற்றபின், எல்லவிலே தம்பி மகன் நடத்தும் சிறு கடையில் மாலை வேளைகளில் நாம் அமர்வது வழக்கம். சுற்றுப்புறத் தோட்டங்களின் லயங்களில் வாழும் பெண்கள் ஐவர், மிளகு, கராம்பு, சுக்கு முதலியவற்றைத் துப்புரவு செய்து பொதி கட்டி அக்கடைக்குக் கொணர்ந்து தருகின்றனர். விற்ற பொதிகளுக்குரிய பணம் ஞாயிறுதோறும் அவரவர்க்குக் கொடுக்கப்படும். கொப்பியில் எழுதி மாளவில்லை. ஆதலால் ஒவ்வொருவரின் சரக்குக்கும் தனித்தனி எண் வகுத்து, அதனைக் கோடுகளாக அச்சிட்டு ஒட்டுவதென்று முடிவாயிற்று. ஒட்டும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

கோடுகளை வாசிக்கும் கருவியைக் கணினியோடு இணைப்பது பெரும் வித்தை என்று அஞ்சியிருந்தோம். அதன் வயரை யூ.எஸ்.பி. துளையிற் செருகியதுதான் தாமதம். கணினி அதனை இன்னொரு விசைப்பலகை என்றே ஏற்றுக்கொண்டது. வெறும் பக்கமொன்றைத் திறந்து வைத்து, பொதியை நோக்கி விசையை அழுத்தினோம். 'பீப்' என்றோர் ஒலி. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தட்டச்சுச் செய்தாற்போலப் பதின்மூன்று இலக்கங்களும் திரையில் விழுந்தன. அடுத்த வரிக்கும் தானே இறங்கியது. புதிதாய்க் கருவி வாங்குவோர், விற்பனைக் கணக்கைத் திறக்குமுன் இவ்வாறு வெறும் பக்கத்திற் சோதித்துப் பார்த்தல் நன்று. கோளாறு கருவியிலா, கணக்கு மென்பொருளிலா என்பது அப்போதே தெளிந்துவிடும்.

கருவி செய்யும் வேலை எளியது. அது சிவந்த ஒளியை வீசுகிறது. கறுப்புக் கோடு ஒளியை விழுங்குகிறது; வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்வை அளந்து இலக்கங்களை அறிகிறது. இருபுறமும் சிறிது வெற்றிடம் விடாவிட்டால் தொடக்கமும் முடிவும் அதற்குத் தெரியா. பொலித்தீன் சுருங்கிய இடத்தில் நாம் ஒட்டிய முதல் ஒட்டுகள் பல அதனால் வாசிக்கப்படாமற் போயின.

இலங்கையிற் பதிவு பெற்ற நிறுவனங்களின் எண்கள் 479 என்று தொடங்கும். அது எண் பதிவான நாட்டையே குறிக்கும். பொருள் விளைந்த நாட்டையன்று. தம் கடைக்குள் மட்டும் வழங்கும் பொருள்களுக்கு 2 எனத் தொடங்கும் எண்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். கடைசி இலக்கம் காவற்காரன் போன்றது. முதற் பன்னிரண்டு இலக்கங்களையும் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அத்தொகை பத்தின் மடங்காவதற்கு வேண்டிய எண்ணை இறுதியில் வைப்பர். நம் முதற்பொதியின் எண் 200000000001. கூட்டுத்தொகை 2 + 3 = 5; பத்தாவதற்கு இன்னும் 5 வேண்டும். ஆகவே முழு எண் 2000000000015. ஓர் இலக்கம் பிழையாக வாசிக்கப்பட்டாலும் இக்காவற்காரன் காட்டிக்கொடுப்பான்.

இக்கோடுகளின் பிறப்பும் சுவையானது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமிக் கடற்கரையில் அமர்ந்திருந்த நோர்மன் ஜோசப் வுட்லண்ட் என்பார், மோர்ஸ் தந்திக் குறிகளை எண்ணியவாறே மணலில் விரல்களை இழுத்தார். புள்ளியும் கீற்றும் நீண்டு மெல்லிய கோடாகவும் தடித்த கோடாகவும் அவர் கண்ணுக்குத் தோன்றின. அவரும் நண்பர் பேர்னாட் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றனர். இன்றைய கடைப்பொருள்களிற் காணும் வடிவம் பின்னர் வந்தது. 1974 ஜூன் 26ஆம் நாள், ஒகாயோ மாநிலத்து ட்ரோய் நகரக் கடையொன்றில், ஒரு சூயிங்கம் பொதி முதன்முதலாக அம்முறையில் வாசிக்கப்பட்டு விற்பனையாயிற்று.

இவையெல்லாம் கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்று நாம் இறுமாந்திருந்த வேளையிலேதான் ஒரு ஞாயிறு வந்தது. பணம் பெற வந்த பெண்ணொருத்தி, "மாஸ்டர், நான் இருபத்தாறு பொதி கொண்டாந்து குடுத்தேன். தட்டுல ஒண்ணும் மிச்சமில்லை. பதினேழுக்குத்தான் காசுன்னா எப்படி?" என்று கேட்டார்.

"கணினியில் இருப்பதுதான் கணக்கு, அம்மா. இயந்திரம் பொய் சொல்லாது" என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. பணத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார். அந்த மௌனம் நமக்குப் பழக்கமான மௌனம்.

நம் அன்னையார் கொழுந்து பறித்தவர், எழுத்தறியாதவர். லயத்துக் காம்பராவின் சுவரிலே அடுப்புக்கரியாற் கோடு கிழித்து வைப்பார். முழுப் பேருக்கு நெடுங்கோடு. அரைப் பேருக்குக் குறுங்கோடு. ஒரு சம்பள நாளில் சுவர் இருபத்திரண்டு பேர் என்றது. செக்ரோல் இருபது என்றது. "புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு" என்றார் கணக்கப்பிள்ளை. அன்னையார் வாய் திறவாமல் திரும்பி நடந்தார். அவர் விரலைப் பற்றி நடந்த சிறுவனாகிய நாம், படித்து அந்தப் புத்தகத்தை ஒருநாள் நாமே வாசிப்போம் என்று மனத்துள் சபதம் செய்தோம். படித்தோம், ஆசிரியரானோம். இறுதியில் அந்தக் கணக்கப்பிள்ளையின் சொல்லையே நாமும் சொல்லிவிட்டோம்!

அன்றிரவு உறக்கமில்லை. மறுநாட் காலையில் இன்னொரு பெண் தாமாகவே கடைக்கு வந்தார். "நான் குடுத்தது பதினஞ்சு பொதிதான் மாஸ்டர், இருபத்துநாலுக்குக் காசு வந்திருக்கு" என்று மிகுதிப் பணத்தை மேசைமேல் வைத்தார். ஒட்டுத் தாள்களை எடுத்துப் பார்த்தோம். இருவருடையதும் மிளகுப் பொதி, விலையும் ஒன்றே. ஒருவர் பொதிகள் ஒன்பதின் மேல் மற்றவர் எண்ணை ஒட்டியவர் நாமே. காவற்கார இலக்கம் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. எண் சரியா என்பதையே அது அறியும். எண்ணுக்குரியவர் யார் என்பதை அறியாது. கோடு பொய் சொல்லவில்லை. ஒட்டிய கை தவறியது. தவறிய கைக்கு இயந்திரத்தைச் சாட்சியாக நிறுத்தியது நம் நாவு.

அன்று மாலையே அந்தப் பெண்ணின் லயத்துக்குச் சென்று, ஒன்பது பொதிகளுக்கான பணத்தைக் கொடுத்து, பிழை பொறுக்குமாறு வேண்டினோம். "இருக்கட்டும் மாஸ்டர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார் அவர்.

இப்போது பொதிகளைப் பெறும்போதே எண்ணி, இரு கொப்பிகளில் எழுதுகிறோம். ஒன்று கடைக்கு, மற்றது கொணர்ந்தவருக்கு. கருவியையும் நாம் கைவிடவில்லை; அதன் வேகத்துக்கு நம் பேனா ஈடாகாது. ஆயினும் ஞாயிறுதோறும் கணினியைத் திறக்குமுன், "உங்கள் கணக்கு எத்தனை, அம்மா?" என்று கேட்கிறோம். அவர் சொன்னபின்புதான் திரையைப் பார்க்கிறோம்.