சித்தப்பாவின் இரண்டு பேஸ் கிற்றார்கள்

நம்மில் பெரும்பாலோர் பாட்டுக் கேட்கும்போது குரலைக் கேட்கிறோம்; குழலைக் கேட்கிறோம்; வயலின்களைக் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் நடந்துகொண்டிருக்கும் பேஸ் கிற்றாரைக் கேட்பவர் மிகச் சிலரே. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் முதன்முறையாகக் கேட்டபோது, சிறுவயதிலிருந்து மனப்பாடமாயிருந்த மெட்டுக்களின் கீழே இன்னொரு பாடல் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தவர்களுள் நானும் ஒருவன்.

நான் இசைக்கலைஞன் அல்லன். செய்தி எழுதிப் பிழைத்தவன். இருந்தும் இதைப்பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் ரொறன்ரோவில் வாழும் என் சித்தப்பா. எழுபதுகளில் கொழும்பு ஹோட்டல்களில் வாசித்த இசைக்குழுவொன்றில் அவர் பேஸ் கிற்றார் வாத்தியக்காரர். 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது அவருடைய ஃபெண்டர் பிரெசிஷன் பேஸும் அதனோடு போயிற்று. கனடா சென்றபின், மலிவாகக் கிடைத்தது என்று பழைய ஜாஸ் பேஸ் ஒன்றை வாங்கினார். பல ஆண்டுகள் கழித்து, மனம் ஆறாமல், ஒரு பிரெசிஷனையும் வாங்கினார். இப்பொழுது சித்தியுடன் முதியோருக்கான சிறிய அடுக்குமாடி வீட்டுக்குப் போகவேண்டிய நிலை. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடமுண்டு என்பது சித்தியின் தீர்ப்பு. சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது வழக்கு என்னிடம் வந்தது.

"தம்பி, நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சொல்லு, எது எங்கட வெள்ளவத்தைச் சத்தம் எண்டு."

"சித்தப்பா, இவ்வளவு காலம் வாசிச்சனீங்கள். என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

"வாசிக்கேக்கை விரல்தான் கேக்குது. காது கேக்கிறேல்லை."

இரண்டுமே கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் தொடங்கிய நிறுவனத்தின் பிள்ளைகள். பிரெசிஷன் 1951இல் வந்தது. ஆளுயர டபிள் பேஸில் சுரம் சற்றும் பிசகாமல் விரல் வைக்க நீண்ட பயிற்சி வேண்டும். வீணையைப்போல மெட்டுக்கள் பதித்துவிட்டால் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயர். 1957இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றும் இரு தந்திகளைக் கவனிக்கும்படி மாற்றினார்கள். மின்னிரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும் ஏற்பாடு அது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. தந்தியின் நீளம் இரண்டிலும் ஒன்றே, 34 அங்குலம். ஆனால் ஜாஸில் பிக்கப் இரண்டு, கழுத்தும் ஒடுக்கம். மேல்முனையில் பிரெசிஷனின் கழுத்து வழக்கமாக 1¾ அங்குல அகலமென்றால் ஜாஸினது 1½. கால் அங்குலம்தானே என்று எண்ணாதீர்கள். மூட்டுவாதம் வந்த கைக்கு அது ஒரு முழம்.

மோட்டவுன் நிறுவனத்துக்காக டெற்ரொயிற் நகரில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கையில் இருந்தது பிரெசிஷன். தட்டைத் தந்திகள், அவற்றையும் இலேசில் மாற்றமாட்டார். வலக்கையில் சுட்டுவிரல் ஒன்றே. ஜாக்கோ பஸ்டோரியஸ் ஜாஸ் பேஸின் மெட்டுக்களை அகற்றிவிட்டு, பின்பக்கப் பிக்கப்பை முன்னிறுத்தி, அதைப் பாடவைத்தார். இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்டால் வாத்தியமே வேறென்று தோன்றும். அதில் எவ்வளவு கிற்றாரின் பங்கு, எவ்வளவு விரலின் பங்கு என்பதுதான் சிக்கல்.

எங்கள் பரீட்சையும் முதலில் அந்தச் சிக்கலில்தான் விழுந்தது. பிரெசிஷனில் பல வருடப் பழைய தட்டைத் தந்திகள். ஜாஸில் புதிதாகப் போட்ட, உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகள். வேறுபாடு மலையளவு இருந்தது. ஆனால் நாங்கள் ஒப்பிட்டது கிற்றார்களை அல்ல, தந்திகளை. (ஒரே செய்தியை இரு பத்திரிகைகளில் வாசித்துவிட்டு, தலைப்பின் எழுத்தளவை வைத்து நடுநிலைமையை அளப்பவர்களை எனக்குத் தெரியும்.) ஆகவே சித்தப்பா பிரெசிஷனில் நான்கு அடிகளை வாசித்துப் பதிவுசெய்தார். பிறகு அதே தந்திகளைக் கழற்றி ஜாஸில் பூட்டி, அதே அடிகளை, அதே அம்ப்ளிஃபயரில் வாசித்தார். இதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. சித்தி தேநீர் தரவில்லை.

பேரன் பதிவுகளைக் கலைத்துப் போட்டுக் காட்டினான். இப்போது வேறுபாடு சிறிதாகிவிட்டது, ஆனால் மறையவில்லை. பிரெசிஷனின் ஒலி ஒரே கட்டியாக, நெஞ்சிலிருந்து பேசும் மனிதரின் குரல்போல வந்தது. ஜாஸில் இரு பிக்கப்களையும் முழுதாகத் திறந்தபோது அடியும் நுனியும் தெளிவாக இருந்தன. நடுவில் ஒரு பள்ளம். தந்தியின் அதிர்வை இரண்டு இடங்களில் கேட்டுக் கலக்கும்போது சில மேற்சுரங்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பள்ளத்தின் காரணம் அதுதான். பின்பிக்கப்பை மூடி, முன்னதை மட்டும் விட்டபோது ஜாஸ் பிரெசிஷனுக்கு மிக நெருங்கி வந்தது. சற்று மெலிவு; கூடவே மெல்லிய இரைச்சல்.

பிறகு எனக்கொரு யோசனை தோன்றியது. அவற்றைப் பேரனின் கைத்தொலைபேசியிலேயே ஒலிக்கவிடச் சொன்னேன். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. அந்தச் சுரத்தை உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் எழுப்பவே இயலாது. 82, 123 என்று மேலே அடுக்கியிருக்கும் மேற்சுரங்களைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளைதான் நிரப்பிக்கொள்கிறது. நாங்கள் ஊரில் டிரான்சிஸ்டர் வானொலியில் கேட்ட பேஸ் எல்லாம் இப்படி மூளை நிரப்பிய பேஸ்தான். கைத்தொலைபேசியில் ஜாஸின் பள்ளம் பெரும்பள்ளமாயிற்று. பிரெசிஷன் அப்படியே நின்றது.

"இதுதான் சித்தப்பா" என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. பிரெசிஷனை மடியில் வைத்து, தந்தியில்லாத கழுத்தில் இடக்கையை மேலும் கீழும் ஓட்டினார். அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் பிடிக்க முடிவதில்லை என்று சித்தி எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். ஜாஸ் என்றால் ஒரு மணித்தியாலம் வாசிப்பாராம்.

நான் கொழும்பு திரும்பிய சில வாரங்களில் பேரன் எழுதியிருந்தான். பிரெசிஷனுக்குப் புதுத்தந்தி போட்டு, தேவாலய இசைக்குழுவில் வாசிக்கும் ஓர் இளைஞனுக்கு விற்றாயிற்று. புதுவீட்டில் ஜாஸ் மட்டும் இருக்கிறது. பின்பிக்கப்பின் திருகு பூச்சியத்தில். அன்று பூட்டிய பழைய தந்திகளை அவர் கழற்றவேயில்லையாம்.