வீட்டுப் பிள்ளையின் விலை

"பாப்பா, நம்ம பையன வித்துட்டாங்க!"

2024 ஜூன் மாத இறுதியில் அண்ணன் அனுப்பிய குரல் பதிவு இது. பதறித்தான் போனேன். பிறகுதான் புரிந்தது. நியூகாசல் காற்பந்துக் கழகம் எலியட் ஆண்டர்சனை நொட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு விற்றுவிட்டது. எட்டு வயது முதல் அக்கழகம் வளர்த்த உள்ளூர்ப் பையன் அவர். பேசப்பட்ட விலை சுமார் 35 மில்லியன் பவுண்ட்.

எங்கள் தாமானில் எல்லாரும் மென்செஸ்டர், லிவர்பூல் என்றிருக்க, அண்ணன் மட்டும் நியூகாசல் ரசிகர். "நல்லா ஆடுற பையன ஏன் விக்கணும்? நீதான் கணக்கியல் படிக்கிறியே, சொல்லு" என்றார்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த பாடத்தைத் தமிழில் சொல்ல அன்றுதான் முதன்முதலாக முயன்றேன்.

ஒரு கழகம் 100 மில்லியன் பவுண்டுக்கு ஓர் ஆட்டக்காரரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் அத்தொகை ஒரே ஆண்டின் செலவாகாது. ஆண்டுக்கு 20 மில்லியனாகப் பிரித்து எழுதப்படும். ஒப்பந்தம் நீண்டால் ஆண்டுச் செலவு குறையும். 2023-இல் செல்சி, என்சோ பெர்னாண்டசை ஏறக்குறைய 107 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது இதனால்தானோ என்று பலரும் பேசினர். அதே ஆண்டில் இப்படிப் பிரித்து எழுதுவதற்கு ஐந்தாண்டு வரம்பு வந்தது.

சரி, விற்கும்போது? மேற்சொன்ன ஆட்டக்காரரை மூன்றாண்டு கழித்து 50 மில்லியனுக்கு விற்றால், ஏட்டில் மீதமுள்ள 40 மில்லியன் போக லாபம் 10 மில்லியன்தான். கழகமே வளர்த்த பையனுக்கோ ஏட்டில் வாங்கிய விலையே இல்லை. 35 மில்லியனுக்கு விற்றால் 35-உம் லாபம்!

அப்போதைய பிரிமியர் லீக் விதிப்படி, மூன்றாண்டுகளில் ஒரு கழகத்தின் நட்டம் அதிகபட்சம் 105 மில்லியன் பவுண்ட்தான் இருக்கலாம். விதியை மீறிய எவர்ட்டன் 2023 நவம்பரில் 10 புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2024 மார்ச்சில் ஃபாரஸ்ட்டுக்கும் 4 புள்ளிகள் போயின. ஜூன் 30, நியூகாசலின் கணக்கு முடியும் நாள். அதற்குள் லாபம் காட்டியாக வேண்டும்.

விதி கெட்டதன்று. கழகங்கள் கடனில் மூழ்காமல் காக்க வந்ததுதான். ஆனால், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கோ, ஊரார் பிள்ளையை வாங்கிய கணக்கைச் சரிக்கட்டத் தன் பிள்ளையை விற்கிறார்கள். 2026-27 பருவம் முதல் அணிச் செலவு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என 2025 நவம்பரில் கழகங்கள் வாக்களித்தன. அதிலும் விற்பனை லாபம் வருமானத்தோடு சேரும். வீட்டுப் பிள்ளையின் கணக்கு மட்டும் மாறவில்லை.

நான் சொல்லி முடித்ததும் அண்ணன் சிரித்தார். "அப்ப நானும் முழு லாபம்தான்!"

என்னால் சிரிக்க முடியவில்லை. அப்பா லாரி ஓட்ட முடியாமல் வீட்டில் அமர்ந்த ஆண்டு, ஆறாம் படிவத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போனவர் அவர். இன்றும் குலாயிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து ஏறுகிறார். தமிழ்ப்பள்ளித் திடலில் அவர் கோல் காத்ததைப் பேச இப்போது நான்தான் இருக்கிறேன்.

அம்மாவின் குறிப்பேட்டில் என் கட்டணம், விடுதி வாடகை, புத்தகம் எல்லாம் செலவுப் பக்கத்தில் இருக்கின்றன. அண்ணன் பெயர் வரவுப் பக்கத்தில் மட்டுமே. அவர் விட்டுக்கொடுத்தது எந்தப் பக்கத்திலும் இல்லை.

2025 செப்டம்பரில் ஆண்டர்சன் இங்கிலாந்துக்கு ஆடினார். "பாத்தியா, நம்ம பையன்!" என்று மீண்டும் ஒரு குரல் பதிவு. விற்ற பிறகும் அண்ணனுக்கு அவர் நம்ம பையன்தான்.

விரைவில் பட்டம் பெறுவேன். முதல் சம்பளம் வந்ததும் அம்மாவின் குறிப்பேட்டில் அண்ணன் பெயருக்கு ஒரு செலவுப் பக்கம் திறக்கவேண்டும். படிப்போ, பயணமோ, எதற்கென்று அவரே சொல்லட்டும். எழுதுவது நானாக இருக்கவேண்டும்.