பருந்து ஊரில் ஒரு ஹெலிகாப்டர் பாடம்!

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகிறவர்கள், பாம்பன் பாலம் எப்போது வரும் என்றுதான் ஜன்னலோரம் காத்திருப்பார்கள். வாலாந்தரவை தாண்டி, பனைமரங்களும் உடைமரங்களும் மாறி மாறி ஓட, அடுத்து வரும் உச்சிப்புளியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால், இந்த ஊரில் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கே விசேஷமே வானத்தில்தான்!

இந்தியக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று உச்சிப்புளியில் இருக்கிறது. பெயர், ‘ஐ.என்.எஸ். பருந்து’. 2009 மார்ச்சில் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. அரக்கோணத்தில் ‘ராஜாளி’ என்றால், இங்கே ‘பருந்து’. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு கடல்களையும் வானிலிருந்து கண்காணிக்க இதைவிடத் தோதான இடம் அமையாது. சேத்தக் ஹெலிகாப்டர்களின் சத்தம் இந்தப் பகுதி மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானங்களுக்கான படைப்பிரிவும் இங்கே தொடங்கப்பட்டது. விமானி தரையில் உட்கார்ந்திருக்க, விமானம் மட்டும் கடலுக்கு மேலே போய்வரும்.

பனையோலையைக் கிழித்து, முள்ளில் குத்தி, காற்றாடி சுற்றி விளையாடும் பிள்ளைகளுக்கு, தலைக்கு மேலே ஒரு பெரிய காற்றாடி அப்படியே அசையாமல் நிற்பதைப் பார்த்தால் என்ன தோன்றும்? ‘அது எப்படி நிற்குது?’ என்றுதானே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, ஒரு சின்ன ரிமோட் ஹெலிகாப்டரே போதும்.

நிற்பதுதான் கஷ்டம்

கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் டிரோனை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் நான்கு விசிறிகளும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் டிரோனை நகர்த்துகின்றன. ஹெலிகாப்டரின் கதை வேறு. அதன் பெரிய விசிறி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். மேலே போக வேண்டுமானால் எல்லா இறக்கைகளின் சாய்வும் ஒன்றாகக் கூடும். முன்னே போக வேண்டுமானால், ஒவ்வோர் இறக்கையும் சுற்றி வரும்போது ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் சாயும். உடம்பு எதிர்த்திசையில் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது வாலில் இருக்கும் சின்ன விசிறி.

சேத்தக் விமானிக்கு இதற்காக இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேண்டும். இடது கை மேலே கீழே, வலது கை முன்னே பின்னே, பக்கவாட்டில், கால்கள் வாலுக்கு. ரிமோட் ஹெலிகாப்டரில் இந்த நான்கு வேலைகளையும் இரண்டு கட்டைவிரல்கள் செய்கின்றன. டிரான்ஸ்மிட்டரில் உள்ள இரண்டு குச்சிகள்தான் அந்த நெம்புகோல்களும் பெடல்களும்.

பழைய ரிமோட் ஹெலிகாப்டர்களில் இறக்கைகளுக்குக் குறுக்கே ஒரு கம்பியும், அதன் இரு முனைகளிலும் சின்னத் துடுப்புகளும் இருக்கும். இதற்கு ‘ஃபிளைபார்’ என்று பெயர். சுற்றுகிற பம்பரம் லேசில் சாயாது அல்லவா? அதே தத்துவம்தான். ஹெலிகாப்டர் சாய்ந்தாலும் கம்பி தன் தளத்திலேயே சுற்றும். அந்த வித்தியாசம் இறக்கைகளின் சாய்வைத் திருத்திவிடும். 1946-ல் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு முதன்முதலாகச் சான்றிதழ் பெற்ற பெல் 47 ஹெலிகாப்டரிலும் இப்படி ஒரு நிலைப்படுத்தும் கம்பி இருந்தது.

இப்போது வரும் மாடல்களில் அந்தக் கம்பி இல்லை. அதனால் ‘ஃபிளைபார்லெஸ்’ என்கிறார்கள். கம்பியின் வேலையைத் தீப்பெட்டி அளவுள்ள ஒரு ஜைரோ பெட்டி செய்கிறது. முன்பின், பக்கவாட்டு, திரும்பல் ஆகிய மூன்று அசைவுகளையும் உணர்ந்து, கண் இமைப்பதற்குள் சர்வோ மோட்டார்களுக்கு உத்தரவு கொடுத்துவிடும். உதிரிபாகங்கள் குறைவு, காற்றின் இழுவையும் குறைவு. ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பெட்டிக்குத் தானாக எதுவும் தெரியாது. ‘இதுதான் முன்பக்கம், இதுதான் மேல்பக்கம்’ என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னால், தப்பையும் அதே வேகத்தில் செய்யும்!

மேஜையிலேயே பாதிப் பயணம்

அதனால் ஃபிளைபார்லெஸ் ஹெலிகாப்டர் பறப்பது மைதானத்தில் என்றாலும், விழுமா விழாதா என்பது பெரும்பாலும் வீட்டு மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. முதல் வேலை, பெரிய இறக்கைகளைக் கழற்றிவைத்து, மோட்டார் இணைப்பையும் துண்டிப்பது. இது முடியாமல் பேட்டரியைத் தொடக் கூடாது.

அடுத்து டிரான்ஸ்மிட்டர். இந்த மாடலுக்கென்று புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, எல்லா ‘டிரிம்’களையும் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பழைய ஹெலிகாப்டர்களில் எந்த சர்வோ எவ்வளவு அசைய வேண்டும் என்ற கலவைக் கணக்கை டிரான்ஸ்மிட்டர் போடும். இப்போது பெரும்பாலான மாடல்களில் அந்தக் கணக்கு ஜைரோ பெட்டியின் பொறுப்பு. இரண்டும் சேர்ந்து போட்டால் குழப்பம்தான். பிறகு ரிசீவரோடு ஜோடி சேர்க்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ‘ஃபெயில்சேஃப்’ வைப்பது கட்டாயம்.

மூன்றாவது, நேர்த்தி. சர்வோ கைகள் நடுநிலையில் செங்கோணமாக நிற்க வேண்டும். இறக்கைகளைச் சாய்க்கும் வட்டத் தட்டான ‘ஸ்வாஷ்பிளேட்’ மட்டமாக இருக்க வேண்டும். குச்சி நடுவில் இருக்கும்போது இறக்கையின் சாய்வு பூஜ்யம் டிகிரி. இதை அளக்கத் தனி அளவுகோலே இருக்கிறது. ‘ஏறக்குறைய சரி’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து மூக்கைக் கீழே சாயுங்கள். ஸ்வாஷ்பிளேட் பின்பக்கமாகச் சாய வேண்டும். வலப்பக்கம் சாய்த்தால் அது இடப்பக்கம் போக வேண்டும். மூக்கை இடதுபுறம் திருப்பினால், வலதுபுறம் திரும்பச் சொல்லிக் குச்சியைத் தள்ளியதுபோல வால் இறக்கைகள் அசைய வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் போச்சு. திருத்த வேண்டிய பெட்டி, சாய்கிற பக்கமே இன்னும் வேகமாகச் சாய்த்து, தரையில் அடித்துவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

பறக்கும்போது லேசாக ஒரு பக்கம் போகிறதே என்று டிரிம் பட்டனை அழுத்துவதும் ஆகாது. பல பெட்டிகள் அதை ‘விடாமல் சாய்ந்துகொண்டே இரு’ என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். இறக்கிவைத்து, எங்கே மட்டம் தப்பியது என்று தேடுவதே வழி.

காற்றுக்குப் பதில் சொல்வது கை

இவ்வளவும் செய்தபிறகு ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்றுவிடுமா? நிற்காது. சாதாரண ஜைரோ பெட்டிக்குத் தெரிந்தது சாய்வு மட்டும்தான். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மட்டமாக நின்றபடியே காற்றோடு நகர்ந்து போய்விடும். இழுத்துப் பிடிப்பது மனிதரின் கைதான்.

இந்தக் கரையில் அது சின்ன வேலை இல்லை. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் எனக் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள் கடலோர மக்கள். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், அது பயன்பாட்டில் இருந்தவரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாமல் இருந்தது. ரயிலே காத்திருக்க வேண்டியிருந்தது. ரயிலுக்கே அப்படியென்றால், சில கிலோ எடையுள்ள ஹெலிகாப்டர் எம்மாத்திரம்!

ஒன்றை மறக்கக் கூடாது. இது பொம்மை இல்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும் இறக்கைகள் கத்திக்குச் சமம். 2013-ல் நியூயார்க் பூங்கா ஒன்றில், தான் பறக்கவிட்ட ரிமோட் ஹெலிகாப்டர் தாக்கியே ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

அதோடு, உச்சிப்புளி வானம் கடற்படை விமானங்கள் ஏறி இறங்கும் வானம். 2021 டிரோன் விதிகளின்படி நாட்டின் வான்பகுதி சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் இங்கே எதையும் பறக்கவிடுவது ஆபத்து, சட்டப்படியும் சிக்கல். அந்தப் பக்கம் வரும் ஹெலிகாப்டர், கடலில் தவிக்கும் யாரையோ தேடிப் போய்க்கொண்டிருக்கலாம்.

அப்படியென்றால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்து, சிமுலேட்டரில் ஆயிரம் தடவை விழுந்து எழலாம். ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் ராமேஸ்வரம் கடற்கரையில் காட்டிய பாடம்தான் அப்துல் கலாமை விமானப் பொறியியலுக்கு அனுப்பியது. அவர் படித்த சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் அணி, ரிமோட் விமான ஆர்வலரான நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது.

அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது, உச்சிப்புளியில் இறங்கி அரியமான் கடற்கரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். சவுக்கு மர நிழல், அலை அதிகமில்லாத கடல், பிள்ளைகள் விளையாட நல்ல மணல். கடற்படைத் தளத்தின் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். தலைக்கு மேலே விசிறிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ‘அது எப்படி நிற்குது?’ என்று அவர்கள் கேட்டால், பதில் இப்போது உங்களிடம் இருக்கிறது.