தேனடை தந்த தீபம்

தருமபுரி நகரில், கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் உள்ள பழைய ஓட்டு வீடு அது. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் அவ்வீட்டுப் பெரியவர் தூபக்காலில் தணல் எடுத்துச் சாம்பிராணி இடுவார். கூடம், அடுக்களை, மாட்டுக் கொட்டகை என ஒவ்வோர் இடமாகக் காட்டிவிட்டு, இறுதியில் பூஜை அறைக்கு வருவார். ஐம்பது ஆண்டுகளாக மாறாத நியமம். எழுபத்தைந்தாம் வயதில் வந்த இளைப்பு நோய் அதனை நிறுத்திவிட்டது. ஊதுவத்தி, கற்பூரம், சாம்பிராணி எதுவும் வீட்டுக்குள் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நெய் விளக்கு மட்டும் எரிந்தது. "மணமில்லாத வீட்டில் சுவாமி எப்படியம்மா இருப்பார்?" என்று பெரியவர் ஒருநாள் மெல்லிய குரலில் கேட்டார். அந்தக் கேள்வி அவருடைய மனைவியின் நெஞ்சில் தைத்தது. வெளியூரிலிருக்கும் மகள், கண்ணாடிக் குவளையில் வார்த்த வாசனை மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஏற்றிய சிறிது நேரத்தில் பெரியவருக்கு இருமல் கண்டது. அதை அணைத்து எடுத்து வைத்ததோடு சரி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெழுகுவர்த்திகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் பாரபின் மெழுகால் ஆனவை என்பதை அந்த அம்மையார் பின்னரே அறிந்தார்.

அவர் வழக்கமாகத் தேன் வாங்குவது வத்தல்மலைப் பெண்மணி ஒருத்தியிடம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த வத்தல்மலையில் சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் விளைவித்து வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வந்த பெயர் அது; கேரளத்தைக் குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி.

தேன் பிழிந்த சக்கையைத் தனக்குத் தரமுடியுமா என்று அம்மையார் கேட்டார். கூடவே, மனத்தை அரித்த இன்னொன்றையும் கேட்டார்: "ஈயைக் கொன்றுதானே அடையை எடுக்கிறீர்கள்?"

"இல்லைங்கம்மா. புகை காட்டினா ஈ விலகிடும். முழு அடையையும் அறுக்க மாட்டோம். பாதியை அதுக்கே விட்டுருவோம். அடுத்த வருசமும் அது வரணுமில்லீங்களா?" என்றாள் அவள்.

வேலைக்காரத் தேனீக்களின் வயிற்றின் அடிப்புறத்தில் சுரப்பதே தேன்மெழுகு. சிறிதளவு மெழுகு சுரப்பதற்கும் அவை தாம் சேர்த்த தேனில் ஏராளமாக உண்ணவேண்டும். இதை அறிந்தபின் அம்மையார் ஒரு துணுக்கையும் வீணாக்கவில்லை. சக்கையை வெள்ளைத் துணியில் முடிந்து, நீரிலிட்டு மெல்லச் சூடாக்கினார். ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகிய மெழுகு துணி வழியே கசிந்து மேலே மிதந்தது. ஆறியதும் மஞ்சள் வட்டாகக் கட்டியது. அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டி நீக்கினார்.

முதல் முயற்சி பாழாயிற்று. மணத்திற்காகச் சந்தனப் பொடியைக் கலந்தார். பொடி கரையாமல் திரியை அடைக்க, சுடர் தவித்து அணைந்தது. இரண்டாம் முறை திரி மெலிதாகிவிட, அது மெழுகிலேயே மூழ்கியது. மூன்றாம் முறை பருத்தி நூலை மூன்றிழையாகப் பின்னினார். மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல் வெந்நீருக்குள் வைத்து உருக்கினார். நேரே வைத்தால் மெழுகு தீப்பற்றிக்கொள்ளக் கூடும். இறக்கிச் சற்று ஆறியபின் சில துளி வெட்டிவேர்த் தைலம் சேர்த்து மண் அகல்களில் வார்த்தார். சுடர் அசையாமல் நின்றது.

அப்போது நாத்தனார் ஓர் ஐயம் கிளப்பினார்: "ஏம்மா, மெழுகுவர்த்தி ஏற்றுவது நம் வழக்கமா? சுவாமிக்கு ஆகுமா?"

அம்மையாருக்குப் பதில் தெரியவில்லை. கோயில் குருக்களிடம் சென்று கேட்டார். குருக்கள் புன்னகைத்தார். "சந்நிதியில் நெய்யும் எண்ணெயும்தான் விளக்குக்கு உரியவை, அதை மாற்றவேண்டாம். ஆனால் மெழுகு நமக்கு அந்நியமென்று யார் சொன்னது? கும்பாபிஷேகத்தில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கு, குங்கிலியத்தோடு தேன்மெழுகும் உண்டே! சுவாமிமலையில் உற்சவ மூர்த்திகளை முதலில் மெழுகில்தான் உருவாக்குகிறார்கள். அதன்மேல் மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அங்கேதான் சுவாமி வந்து அமர்கிறார்" என்றார்.

அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். பூஜை அறையில் நெய் விளக்கு என்றும்போல எரியட்டும். எந்தச் சுடரானாலும் சிறிதேனும் புகையுண்டு; ஆகவே மெழுகு அகல் வீட்டுக்குள் வேண்டாம். மருத்துவரின் ஒப்புதலைப் பெற்று, காற்றோட்டமான முற்றத்தில் துளசி மாடத்தருகே அதை ஏற்றினார்.

அன்று செவ்வாய்க்கிழமை. திண்ணையில் கண்மூடிச் சாய்ந்திருந்த பெரியவரை வெட்டிவேர் மணம் மெல்ல எட்டியது. இருமல் வரவில்லை. கண்ணைத் திறந்து, "இன்று வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அம்மையார்.

பெரியவர் எழுந்து, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, துளசி மாடத்தை நோக்கிக் கைகூப்பினார்.